பச்சை எரிந்தது என்று மேசைக்கு யார் சொல்வது? அரங்குகளைப் புதுப்பிப்பவர்களுக்கு ஒரு கோரிக்கை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சபா அரங்குகளும் கல்லூரிக் கலையரங்குகளும் ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்படுகின்றன. குளிர்சாதனம் வருகிறது, எல்இடி திரை வருகிறது, புது நாற்காலியும் புது லைட் போர்டும் வருகின்றன. ஆனால் திரை இழுப்பவருக்கு ‘இப்போது’ என்று சொல்ல இன்னமும் ஒருவர் விங்கில் (மேடையின் பக்கவாட்டு மறைவில்) நின்று கையை ஆட்டுகிறார், இல்லாவிட்டால் செல்போன் டார்ச்சை அடித்துக் காட்டுகிறார். இந்த உத்தரவை (‘க்யூ’வை) விளக்கால் சொல்லும் க்யூ லைட் மட்டும் புதுப்பிக்கும் பட்டியலில் ஏறுவதே இல்லை. மொத்தச் செலவில் இது தூசு. எப்படிச் செய்வது, எங்கே கோளாறு வரும் என்பதை அரங்கு நிர்வாகிகளும் நாடகக் குழுக்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றே இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

க்யூ லைட் என்பது ஒரு சின்னப் பெட்டி. சிவப்பு, பச்சை என இரண்டு விளக்கு, ஒரு பொத்தான், அவ்வளவுதான். திரை இழுப்பவர், விங்கில் நுழையக் காத்திருக்கும் நடிகர், நடிகரைத் தொடரும் ஃபாலோ ஸ்பாட் விளக்கைப் பிடிப்பவர், ஒலி மேசை, பக்கவாத்தியக்காரர்கள் என்று உத்தரவு போக வேண்டிய இடம் ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி இருக்கும். நிகழ்ச்சியை நடத்தும் ஸ்டேஜ் மேனேஜர் தன் மேசையில் ‘ஸ்டேண்ட்பை’ (தயாராகு) பொத்தானை அழுத்தினால் அங்கே சிவப்பு விட்டுவிட்டு எரியும். அங்கிருப்பவர் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் சிவப்பு நிலையாக எரியும்; மேசையிலும் அப்படியே மாறும். பிறகு ‘கோ’ (செய்) கொடுத்தால் பச்சை. பிரிட்டன் அரங்குகளின் வழக்கம் இது. அமெரிக்காவில் ஒரே விளக்கை வைத்துக்கொள்ளும் முறையும் உண்டு: எரிந்தால் தயாராகு, அணைந்தால் செய். சிக்கனமான முறைதான். ஆனால் கேபிள் கழன்றாலும் விளக்கு அணையும், கரண்ட் போனாலும் அணையும். அந்த நேரத்தில் திரை இறங்கிவிட்டால் யாரைக் கேட்பது? ஜெனரேட்டருக்கு மாறும்போது ஓரிரு விநாடி இருட்டாகும் நம் அரங்குகளுக்குச் சிவப்பு பச்சை முறைதான் சரி.

வாக்கிடாக்கி இருக்கிறதே என்பார்கள். ஒப்பனை முடித்துக் கிரீடம் வைத்தவர் தலையில் ஹெட்செட் மாட்ட முடியாது. அமைதியான காட்சியில் விங்கிலிருந்து வரும் கரகரப்பு முன்வரிசை வரை கேட்கும். ஒரு சேனலில் இருவர் சேர்ந்து பேசினால் இருவர் சொன்னதும் போய்விடும். வாட்ஸ்அப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செய்தி எந்த விநாடியில் போய்ச் சேரும் என்பதற்கு அங்கே உத்தரவாதம் கிடையாது.

லைட் போர்டின் உபரி டிஎம்எக்ஸ் (மேடை விளக்குகளைக் கட்டுப்படுத்தும் சிக்னல்) சேனல்களை க்யூ லைட்டுக்குக் கொடுத்துவிடுபவர்களும் உண்டு. இதுவும் வேண்டாம். டிஎம்எக்ஸ் ஒருவழிப் பாதை. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வழியில்லை, பிழை பார்க்கும் ஏற்பாடும் இல்லை. மேடையை இருட்டாக்க பிளாக்அவுட் பொத்தானை அழுத்தினால் க்யூ லைட்டும் சேர்ந்து அணையும். போர்டு உறைந்துபோனால் கடைசியாக எரிந்த விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருக்கும்.

ஒரே அரங்கு, நாலே இடம் என்றால் நெட்வொர்க்கே தேவையில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். 24 வோல்ட் டிசி சப்ளை ஒன்று, ஒவ்வொரு இடத்துக்கும் நாலு கம்பி, மேசையில் ஸ்விட்சுகள், பல்லாண்டுகள் ஓடும். நெட்வொர்க் தேவைப்படுவது பெட்டிகளை ஊர் ஊராகக் கொண்டுபோகும் குழுவுக்கும், எட்டுப் பத்து இடங்கள் வேண்டிய அரங்குக்கும், ஒளி ஒலி மென்பொருளோடு சேர்ந்து இயங்க வேண்டிய நிகழ்ச்சிக்கும்தான். அப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக்கம்பி இழுத்து மாளாது.

பெட்டியின் உள்ளே என்ன இருக்க வேண்டும்? இஎஸ்பி32 சிப்போடு ஈதர்நெட் ஜாக்கும் சேர்ந்து வரும் டபிள்யூடி32-ஈடிஎச்01 போன்ற போர்டு ஒன்று போதும். ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். ரிச்சி தெருவில் தேடலாம், இணையத்திலும் வாங்கலாம். அதில் யுஎஸ்பி கிடையாது, புரோகிராம் ஏற்ற யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் தனியாக வேண்டும். போர்டின் எந்தக் காலில் (பின்னில்) எதை மாட்டுகிறோம் என்பதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். 12ஆம் கால் போர்டு உயிர் பெறும் நேரத்தில் மேல்நிலையில் இருந்தால் ஃபிளாஷ் நினைவகத்துக்கு 3.3 வோல்ட்டுக்குப் பதில் 1.8 வோல்ட் போய், போர்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. 14ஆம் கால் எழும் நேரத்தில் தானாகவே துடிக்கும். அங்கே பச்சையை மாட்டினால் கரண்ட் வரும்போதெல்லாம் ஒரு பொய்ப் பச்சை மின்னும். அதனால் சிவப்புக்கு 32, பச்சைக்கு 33, பழுதைக் காட்டும் மஞ்சள் விளக்குக்கு 4 என்று வைத்துக்கொள்ளலாம். பொத்தானுக்கு 35. ஆனால் 35இல் உள்ளமைந்த புல்-அப் (அழுத்தாதபோது காலை மேல்நிலையில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) இல்லை. வெளியே 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை 3.3 வோல்ட்டுக்குக் கட்டி, பொத்தான் அழுத்தினால் கிரவுண்டுக்குப் போகும்படி செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால் பக்கத்தில் கை போனாலே பொத்தான் அழுத்தியதாகக் காட்டும்.

எல்இடியை நேராகக் காலில் மாட்ட வேண்டாம். பச்சை எல்இடிக்கு 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். போர்டு தருவது 3.3, இடையில் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. 5 வோல்ட்டிலிருந்து எடுத்து, பிசி547 டிரான்சிஸ்டர் வழியாக ஓட்டுங்கள்: பேஸில் 1 கிலோ ஓம், பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம். இந்த இரண்டாவது ரெசிஸ்டர்தான் போர்டு எழுந்து முடிக்கும் வரை விளக்கை அணைத்து வைக்கும். இருட்டில் 10 மில்லிஆம்பியரே தாராளம். சிவப்புக்கு 5இலிருந்து 2 வோல்ட்டைக் கழித்தால் மிச்சம் 3. 330 ஓம் போட்டால் சரியாக வரும். பச்சைக்கு 180 ஓம். ஒரே கரண்டில் பச்சை கண்ணைக் கூசும், சிவப்பு மங்கலாகத் தெரியும். இது எல்இடியின் குணம், கோளாறு அல்ல. மென்பொருளில் பச்சையின் பிடபிள்யூஎம் (வேகமாக எரித்து அணைத்து ஒளியைக் கூட்டிக் குறைக்கும் முறை) அளவைக் குறைத்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம். பிடபிள்யூஎம் அதிர்வெண் 5 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கட்டும். சில நூறு ஹெர்ட்ஸில் விட்டால் நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் கேமராவில் விளக்கு துடிப்பது தெரியும்.

எல்லாப் பெட்டியிலும் சிவப்பு மேலே, பச்சை கீழே. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருக்க வாய்ப்புண்டு. அவர்கள் இடத்தையும் துடிப்பையும் வைத்துத்தான் அறிவார்கள். ஆகவே ஒரே விளக்கில் நிறம் மாற்றும் எல்இடி பார்க்க அழகாக இருந்தாலும் இதற்கு ஆகாது. துடிப்பு விநாடிக்கு இரண்டு போதும். மூன்றைத் தாண்டினால் ஒளிக்கு வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. பெட்டி பளபளப்பாக இருக்கக் கூடாது. இரண்டங்குல பிவிசி பைப்பில் மூன்று விரல் நீளத்துக்குத் துண்டு நறுக்கி, உள்ளே மேட் கறுப்பு அடித்து, விளக்குக்குக் குடையாக வைத்தால் ஒளி பார்வையாளர் பக்கம் கசியாது. பொத்தான் சோற்றுக் கையால் மட்டுமல்லாமல் இருட்டில் முழங்கையாலும் அழுத்தக் கூடிய அளவில், குறைந்தது 24 மில்லிமீட்டர் இருக்கட்டும். ஒரே அழுத்தல் நாலாகப் பதிவாகாமலிருக்க 30 மில்லிசெகண்ட் பொறுத்துப் படிக்கும்படி மென்பொருளில் எழுதிவிடுங்கள்.

இதற்கு வைஃபை போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒத்திகையில் போதும். வெறும் அரங்கில் எதுவும் போதும். அன்று மாலை எண்ணூறு பேர் எண்ணூறு செல்போனோடு வந்து உட்காரும்போதுதான் விஷயம் தெரியும். இந்த போர்டு பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. அதைப் பக்கத்துக் கட்டடமும் அரங்கின் சிசிடிவியும் பார்வையாளர்களும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். போதாக்குறைக்கு, இஎஸ்பி32 மின்சாரத்தை மிச்சப்படுத்த இடையிடையே ரேடியோவைத் தூங்க வைக்கும். ரூட்டர் ஏறத்தாழ 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை விடும் பீக்கன் (அடையாளச் செய்தி) வரும்போதுதான் எழுந்து, தனக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கும். வேறு வழியே இல்லாமல் வைஃபையில் போகிறவர்கள் அந்தத் தூக்கத்தை மென்பொருளில் நிறுத்த வேண்டும். பிராட்காஸ்ட் முறையில் (எல்லோருக்கும் பொதுவான ஒரே செய்தியாக) அனுப்பாமல் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். வைஃபையில் பிராட்காஸ்டுக்கு ரசீது கிடையாது, தொலைந்தால் ரூட்டர் மறுபடி அனுப்பாது. ஃபாலோ ஸ்பாட் மேடை போல கேபிள் எட்டவே எட்டாத இடம் ஒன்றிரண்டுக்கு மட்டும் வைஃபை. திரைக்கும் நடிகர் நுழைவுக்கும் கேபிள்தான்.

கேபிள் என்றதும் அதிலேயே மின்சாரத்தையும் அனுப்பிவிடலாம். 802.3ஏஎஃப் தரத்துக்கு உட்பட்ட பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள்களை இணைத்து, அதிலேயே மின்சாரமும் தரும் கருவி) ஒன்று, ஒவ்வொரு பெட்டியிலும் 48 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் ஸ்பிளிட்டர். அந்தத் தரத்தில் பெட்டிக்கு 12.95 வாட் வரை கிடைக்கும். நமக்கு 2 வாட்டே அதிகம். கடையில் ‘பாசிவ் பிஓஇ’ என்று மலிவாக ஒன்று தருவார்கள், வாங்காதீர்கள். தரமான ஸ்விட்ச் எதிர்முனையில் 25 கிலோ ஓம் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மின்சாரம் விடும். பாசிவ் இன்ஜெக்டர் எதையும் கேட்காது. அந்தக் கேபிளை யாராவது தெரியாமல் லேப்டாப்பில் சொருகினால் ஜாக் கருகலாம். கேபிளிலும் ஏமாற்று உண்டு. கேட்6 என்று அச்சடித்துவிட்டு அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய சரக்கு தாராளமாகக் கிடைக்கிறது. நாலு தடவை மடக்கினால் உள்ளே ஒடிந்துவிடும், நீண்ட தூரத்தில் வோல்ட்டேஜும் சரியும். கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். ஊர் ஊராகச் சுருட்டி விரிக்கும் கேபிள் பல இழைக் கம்பியாக இருக்க வேண்டும். சுவருக்குள் போவது ஒற்றைக் கம்பி. அதன் முனையில் பிளக் கிரிம்ப் செய்து தொங்கவிடாமல், சுவரிலேயே ஜாக் வைத்து முடித்துவிட வேண்டும்.

ஸ்விட்சில் இன்னொரு கண்ணி. நிர்வகிக்கக்கூடிய வகை ஸ்விட்சுகளில் ஸ்பானிங் ட்ரீ (கேபிள் இணைப்பு வளையமாகிவிடாமல் காக்கும் ஏற்பாடு) இயங்கினால், கேபிளைச் சொருகியபின் அந்தப் போர்ட் (சொருகும் துளை) 30 விநாடி வரை எதையும் கடத்தாது. ஒரு கேபிள் கழன்று மறுபடி மாட்டியவர், ‘பெட்டி செத்துவிட்டது’ என்று அதற்குள் முடிவு கட்டிவிடுவார். பெட்டி மாட்டும் போர்ட்களில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. ஐபி முகவரியை டிஎச்சிபியிடம் (தானாக முகவரி கொடுக்கும் ஏற்பாடு) கேட்கச் சொல்லாமல் கையால் கொடுங்கள்: மேசை 192.168.10.1, பெட்டிகள் 11இலிருந்து வரிசையாக, பெட்டி முதுகில் அதே எண் பெயின்டில். கொட்டகையில் எந்தப் பெட்டி எது என்று கணினி திறக்காமலே தெரிய வேண்டும். அரங்கின் இன்டர்நெட் இணைப்பு இந்த ஸ்விட்சைத் தொடவே கூடாது.

இனி மென்பொருள். புதிதாக எழுதுகிறவர் முதலில் செய்வது, கோ அழுத்தினால் ‘பச்சையைப் போடு’ என்று ஒரு யுடிபி செய்தி (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத வகை) அனுப்புவது. மேசைக்கும் பெட்டிக்கும் நடுவில் அது தொலைந்தால் தொலைந்ததுதான். மேசையில் பச்சை எரியும், விங்கில் சிவப்பே நிற்கும். கட்டளையை அனுப்பாதீர்கள், நிலவரத்தை அனுப்புங்கள். ‘இந்த நொடியில் 1ஆம் பெட்டி சிவப்பு, 2 இருட்டு, 3 பச்சை’ என்று எல்லாப் பெட்டிகளின் நிலையையும் ஒரே செய்தியில் வைத்து, மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மேசை சொல்லிக்கொண்டே இருக்கட்டும். கேபிளில் போகும்போது இதை பிராட்காஸ்டாகவே அனுப்பலாம். பதினாறு பெட்டிக்கும் சேர்த்து நாற்பது பைட்டுக்குள் அடங்கும். நிலை மாறும் கணத்தில் மட்டும் காத்திருக்காமல் உடனே, 10 மில்லிசெகண்ட் இடைவெளியில் மூன்று முறை. ஒன்று தொலைந்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். மனிதக் கண் பார்த்துக் கை அசையவே 200 மில்லிசெகண்ட் ஆகும். ஆகவே வேகத்தைத் துரத்திக்கொண்டு ஓடாமல், தொலையாமல் போவதைக் கவனித்தால் போதும்.

ஒவ்வொரு பெட்டியும் தான் உண்மையில் எந்த விளக்கை எரிக்கிறது என்பதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மேசையில் எரியும் விளக்கு, ஸ்டேஜ் மேனேஜர் எதை அழுத்தினார் என்பதைக் காட்டக் கூடாது. பெட்டி என்ன பதில் சொன்னது என்பதைத்தான் காட்ட வேண்டும். எங்களைக் கேட்டால், கடையில் வாங்கினாலும் சொந்தமாகச் செய்தாலும், ஒரு க்யூ லைட் அமைப்பு தேறுமா தேறாதா என்பதற்கு இந்த ஒன்றைப் பார்த்தாலே போதும். பெட்டியின் கேபிளைப் பிடுங்குங்கள். அரை விநாடிக்குள் மேசையில் அந்த இடத்தின் விளக்கு மாறவில்லை என்றால், அந்த மேசை உங்களிடம் பொய் சொல்கிறது.

பெட்டியின் பக்கமும் அதே அரை விநாடிதான். தொடர்ந்து ஐந்து செய்தி வரவில்லையா? சிவப்பு, பச்சை இரண்டையும் அணைத்து மஞ்சளை மெல்லத் துடிக்க விட வேண்டும். விங்கில் இருப்பவர் அதைப் பார்த்தால் பழைய வழிக்கு, அதாவது ஆளின் கையசைவுக்குத் திரும்பிக்கொள்வார். இணைப்பு திரும்பி வரும்போது இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. கோ கொடுத்து நாலு விநாடி கழித்து ஒரு பெட்டி உயிர் பெற்றால், நடப்பு நிலவரம் பச்சை என்று கேட்டு அதுவும் பச்சையைப் போடும். அங்கே நிற்பவர் புத்தம்புது கோ என்று எண்ணித் திரையை விட்டுவிடுவார். இதைத் தடுக்க, கோ கொடுத்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் செய்தியிலேயே வையுங்கள். தான் முதன்முதலில் பார்க்கும் பச்சை ஒரு விநாடிக்கு மேல் பழசாக இருந்தால் பெட்டி அதை எரிக்காமல் மஞ்சளிலேயே நிற்க வேண்டும்.

பழைய செய்தி பிந்தி வந்து புதியதை மிதித்துவிடாமலிருக்க வரிசை எண் போடுவது வழக்கம். அந்த எண்ணுக்கு 16 பிட் ஒதுக்கினால், விநாடிக்குப் பத்துச் செய்தி வீதம் 65,536ஐத் தொட ஒரு மணி நாற்பத்தொன்பது நிமிடம் ஆகும். அதாவது இரண்டு மணி நேர நாடகத்தின் உச்சக் காட்சியில் எண் சுழியத்துக்குத் திரும்பும். பெட்டிகளெல்லாம் ‘இது பழசு’ என்று வரும் செய்தியை ஒதுக்கத் தொடங்கும். அரைமணி ஒத்திகையில் இது தலைகாட்டவே காட்டாது. 32 பிட் போட்டுவிட்டால் கவலையில்லை. ஆனால் நடுவில் மேசையை அணைத்துப் போட்டாலும் எண் முதலிலிருந்துதான் தொடங்கும். அதற்காக மேசை ஒவ்வொரு முறை எழும்போதும் ஒரு புது அமர்வு எண்ணைத் தானாக எடுத்துக்கொண்டு செய்தியில் சேர்த்து அனுப்பட்டும். அமர்வு எண் மாறினால் பெட்டிகள் பழைய கணக்கை மறந்துவிட வேண்டும்.

மேசைக்குத் தொடுதிரை வேண்டாம். ஸ்டேஜ் மேனேஜரின் கண் மேடையில் இருக்கும், விரல் இருட்டில் தடவிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தேர்வு ஸ்விட்ச், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெரிய கோ பொத்தான். திரை, ஒளி, ஒலி மூன்றையும் தேர்ந்தெடுத்துவிட்டு ஒரே அழுத்தில் மூன்றுக்கும் பச்சை. மென்பொருளின் மூளையை லேப்டாப்பில் வைப்பதும் தவறு. அப்டேட்டுக்காக மறுதொடக்கம் செய்யும், திரையைப் பூட்டும், யுஎஸ்பியைத் தூங்க வைக்கும். மேசைக்குள்ளேயே இன்னொரு இஎஸ்பி32 மூளையாக இருக்கட்டும். க்யூ பட்டியலைக் காட்டவும் திருத்தவும் லேப்டாப் விருந்தாளியாக வந்து போகட்டும். அது அணைந்தாலும் பொத்தான்கள் வேலை செய்ய வேண்டும். அதற்குப் பதில் ‘ராஸ்பெர்ரி பை’ என்ற சிறு கணினியைப் போடுகிறவர்கள் எஸ்டி கார்டைப் படிக்க மட்டும் என்று அமைத்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெட்டு, மறுபடி எழாமல் போகலாம்.

ஒலிக்கு க்யூலேப் மென்பொருள் வைத்திருப்பவர்கள் மேசையின் ‘கோ’ உத்தரவையே அதற்கும் அனுப்ப ஆசைப்படுவார்கள். செய்யலாம். க்யூலேப் 53000 என்ற யுடிபி போர்ட் எண்ணில் ஓஎஸ்சி (மேடைக் கருவிகளும் மென்பொருள்களும் ஒன்றுக்கொன்று உத்தரவு அனுப்பும் வடிவம்) செய்திகளைக் கேட்கிறது. ஓஎஸ்சியைக் கையால் எழுதும்போது எல்லோரும் இடறும் இடம் ஒன்று உண்டு: முகவரிச் சரம் நான்கின் மடங்கில் முடிய வேண்டும், கடைசியில் குறைந்தது ஒரு சுழிய பைட்டும் இருக்க வேண்டும். முகவரி சரியாக 12 எழுத்து வந்தால், பொருந்திவிட்டது என்று விடாமல் மேலும் நாலு சுழியம் சேர்த்து 16 ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் சில க்யூ போகும், சில போகாது. ஏனென்று தலையைப் பிய்த்துக்கொள்ளலாம்.

ஆனால் நம் ஊர் நிகழ்ச்சிகளுக்கு இந்தத் தானியங்கி இணைப்பு எவ்வளவு தேவை என்பதில் எங்களுக்குச் சந்தேகம் உண்டு. மார்கழிக் கச்சேரியிலோ பரதநாட்டியத்திலோ நேரடி நட்டுவாங்கத்துக்கு ஆடும்போது ஒரு கோர்வை நீளலாம், சுருங்கலாம். ஸ்டேண்ட்பை கொடுத்த பிறகு ‘இப்போது இல்லை, பொறு’ என்று சொல்ல வேண்டிய நிலை அடிக்கடி வரும். அதற்குச் சிவப்பைச் சும்மா அணைத்தால், பார்த்துக்கொண்டிருப்பவர் இணைப்பு போயிற்றோ என்று குழம்புவார். ரத்துக்கென்று தனி அடையாளம் வையுங்கள்: சிவப்பு மூன்று முறை மெதுவாக மங்கி மங்கி எரிந்து அணையட்டும். பட்டியலில் உள்ள அடுத்த க்யூவுக்கு மென்பொருள் தானாக நகரவும் கூடாது. அதை மனிதரே நகர்த்தட்டும்.

மேலிருந்து இறங்கும் திரைச்சட்டம், தரைப்பொறி (மேடைத் தரையில் திறக்கும் கதவு), வெடி, மத்தாப்பு இவற்றை இந்தப் பெட்டி நேராக இயக்கக் கூடாது. பச்சை என்பது ஆளுக்குச் சொல்லும் அனுமதி மட்டுமே. தன் கண்ணால் பாதை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு அந்த ஆள்தான் இயக்க வேண்டும், பச்சை வந்தும் மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. அவசர நிறுத்தப் பொத்தான் நெட்வொர்க் வழியாகப் போகவே கூடாது. அதற்குத் தனிக் கம்பி.

கரண்ட் மாறும்போது என்ன ஆகும் என்பதை எப்போதும் முன்னதாகவே சோதித்து வையுங்கள். பெட்டி ஓரிரு விநாடியில் எழுந்துவிடும், ஆனால் ஸ்விட்ச் எழ ஒரு நிமிடம்கூட ஆகலாம். அதற்காக ஸ்விட்சையும் மேசையையும் ஒரு சிறிய யுபிஎஸ்ஸில் போட வேண்டும். எட்டுப் பெட்டிக்கும் சேர்த்து மொத்தம் 30 வாட்டுக்குள்தான் வரும். நிகழ்ச்சி நாளில் முதல் மணி அடிக்கும் முன்பு ஒருவர் பெட்டி பெட்டியாகப் போய் நிற்க வேண்டும்: ஸ்டேண்ட்பை, பதில், கோ, ரத்து, பிறகு கேபிளைப் பிடுங்கி மஞ்சள் வருகிறதா, மாட்டினால் போகிறதா. எட்டுப் பெட்டிக்குப் பத்து நிமிட வேலை. அரங்கு நிறைந்த பிறகு இடைவேளையில் ஒருமுறை மேசையிலிருந்தே எல்லாப் பெட்டிகளின் பதிலையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே அரங்கு நிர்வாகிகளிடமும், அரங்கப் பணிகளுக்கு டெண்டர் விடும் பொதுப்பணித் துறை, உள்ளாட்சிப் பொறியாளர்களிடமும் எங்கள் கோரிக்கை: தரையையும் சுவரையும் எப்படியும் உடைக்கத்தான் போகிறீர்கள், அப்போதே கேபிள் போகும் கன்ட்யூட் பைப்புகள் சிலவற்றைச் சேர்த்துவிடுங்கள். ஸ்டேஜ் மேனேஜர் மேசை இருக்கும் விங்கிலிருந்து எதிர் விங், திரைக்கயிறு, பின்திரை, ஒப்பனை அறை வாசல், மேடை முன்விளிம்பில் வாத்தியக்காரர் இடம், ஒலி மேசை, லைட் போர்டு, ஸ்பாட் மேடை ஆகியவற்றுக்கு. ஒவ்வொன்றுக்கும் முழுச் செம்பு கேட்6 கேபிள் இரண்டு. ஒன்று பயன்பாட்டுக்கு, ஒன்று மாற்றுக்கு. சுவருக்குள் 90 மீட்டரைத் தாண்டக் கூடாது. இரு முனைப் பேட்ச் கேபிளும் சேர்த்து 100க்குள் அடங்க வேண்டும். மேடை விளக்குகளுக்கான டிம்மர் கேபிள் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்காமல் ஓரடியாவது தள்ளிக் கொண்டுபோங்கள். குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். எழும்பூர் மியூசியம் தியேட்டர் போன்ற 19ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களில் சுவரைத் தொட முடியாது. அங்கே மரவேலைப்பாட்டின் விளிம்போடு கறுப்பு டிரங்கிங் (கேபிளை மறைக்கும் பட்டை) ஒட்டினால் போதும். பெட்டிகளை அரங்கு வாங்கித் தர வேண்டும் என்றுகூட நாங்கள் கேட்கவில்லை. குழுக்கள் தாமே கொண்டுவந்து மாட்டிக்கொள்ளும். ஜாக்குகளுக்கு எண் போட்டு, எந்த எண் எங்கே போகிறது என்ற வரைபடம் ஒன்றை அரங்கின் எலக்ட்ரீஷியன் அறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வையுங்கள். ஒப்பந்ததாரரிடம் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு ஜாக்கையும் கேபிள் டெஸ்டரில் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மேடை ஒளி, ஒலிப் பணி செய்வோர் சிலர்,
சென்னை